சென்டிமீட்டருக்குப் பத்து

ஓமரு நகரத்தில் எந்திரம் தெரிந்தவர்கள் அனைவரும் பழைய கார் சங்கத்தின் உறுப்பினர்கள். சங்கத்தில் இல்லாத ஒருவருக்கு எந்திரம் தெரிந்திருந்தால் அது தெரிந்ததாகக் கொள்ளப்படுவதில்லை. இந்த ஏற்பாடு முப்பது வருஷமாக எந்தக் குழப்பமும் இல்லாமல் நடந்துவந்தது. குழப்பம் ஐல்சா ராட்ரே என்ற பெயரில், கம்பளி ஆலையிலிருந்து, சைக்கிளில் வந்தது.

ஐல்சாவுக்கு ஐம்பத்தாறு வயது. பதினைந்தில் ஆலைக்குள் நுழைந்தவள், நாற்பத்தோரு வருஷமாகத் துணி சரிபார்க்கும் மேசையில் நிற்கிறாள். தறியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு கம்பளிச் சுருளின் மேலும் ஒரு சிறிய மடக்குக் கண்ணாடியை வைத்து, அதன் சதுரச் சாளரத்துக்குள் எத்தனை இழை ஓடுகிறது என்று எண்ணி, சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. ஓர் இழை குறைந்தாலும் சுருள் திரும்பிப் போகும். தறிக்காரர்கள் முறைத்துப் பார்த்தார்கள், கெஞ்சிப் பார்த்தார்கள். ஒருவன் கிறிஸ்துமஸுக்கு ஒரு வாத்தையே கொண்டுவந்து கொடுத்தான். ஐல்சா வாத்தை வைத்துக்கொண்டு துணியைத் திருப்பி அனுப்பினாள்.

இப்படிப்பட்டவள் கார் வைத்திருக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை என்பதே ஊரின் கருத்து. ஆறு வருஷத்துக்கு முன் மலையடிவாரத்து ஆட்டுப்பண்ணை ஒன்றில் தட்டுமுட்டுச் சாமான் ஏலம் நடந்தது. பழம் பதப்படுத்தும் கண்ணாடி ஜாடிகள் வாங்கப் போனவள், 1946ஆம் வருஷத்து மோரிஸ் டென் கார் ஒன்றோடு திரும்பினாள். பின் இருக்கையில் மூன்று கோழிகள் குடியிருந்தன. அவற்றில் ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்ததால், குஞ்சு பொரித்த பிறகுதான் வண்டியில் கைவைக்க முடிந்தது.

"இது கார் இல்ல, ஐல்" என்றார் கணவர் லெக்ஸ். "எங்கம்மா போனப்புறம் வீட்டுக்கு வந்த ரெண்டாவது மாமியார். தெனமும் முனகும், ஒண்ணும் செய்யாது, தள்ளினா மட்டும் நகரும்."

லெக்ஸ் நல்ல மனிதர். இறைச்சித் தொழிற்சாலையிலிருந்து ஓய்வுபெற்றபின் புல்வெளியில் பந்து உருட்டும் ஆட்டத்துக்கும் பீன்ஸ் பாத்திக்கும் தம்மை முழுமையாக ஒப்படைத்துவிட்டவர். ஐல்சாவோ நூலகத்துப் புத்தகங்களைப் படித்து, நகக்கண்ணெல்லாம் கறுத்து, இரண்டு வருஷத்தில் மாமியாரைத் தானாக நடக்க வைத்துவிட்டாள். பிறகு சங்கத்தில் சேர விண்ணப்பம் போட்டாள்.

சங்கத்தில் பெண்களுக்கு இடம் இல்லாமல் இல்லை. உறுப்பினர்களின் மனைவியரும் மனுப் போட்டுக் காத்திருக்கும் பெண்களும் துணை உறுப்பினர்கள். ஸ்கோன் என்ற சிறு ரொட்டி சுடுவது, தேநீர் கலப்பது, கோப்பை கழுவுவது ஆகிய மூன்றும் அவர்களின் கடமைகள். உரிமைகள் பற்றிச் சட்டப் புத்தகத்தில் ஒரு பக்கம் ஒதுக்கப்பட்டிருந்தது, ஆனால் அந்தப் பக்கத்தில் அச்சு சரியாக விழவில்லை. முழு உறுப்பினர் ஆக ஒரே வழிதான் உண்டு. அக்டோபரில் தொழிலாளர் தின விடுமுறையின்போது, சொந்த வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு, டான்சி கணவாயைக் கடந்து அந்தப் பக்கம் நேஸ்பி ஊர் வரை போய்ச் சேர வேண்டும். மூன்று வாய்ப்பு. மூன்றிலும் தவறினால் ஐந்து வருஷம் மனுவே போடக் கூடாது.

முதல் வருஷம் பாதி மலையில் தண்ணீர் கொதித்து நின்றது. இரண்டாம் வருஷம் பிரேக் சரியில்லை என்று கிளம்பும் முன்பே தடுத்துவிட்டார்கள். இது மூன்றாவது. 1985, அக்டோபர், திங்கட்கிழமை. சனிக்கிழமை காலை ஓட்டம்.

திங்கள் மாலை ஐல்சா என்ஜினைக் கிளப்பியதும் 'தப் தப் தப்' என்று ஒரு சத்தம் கேட்டது, யாரோ ஈரத் துணியைக் கல்லில் அடிப்பதுபோல. பானெட்டைத் திறந்து பார்த்தாள். என்ஜினின் புகையைத் திரட்டிக் குழாய்க்கு அனுப்பும் கனத்த வார்ப்புக்கு மேனிஃபோல்டு என்று பெயர். அதை என்ஜினோடு சேர்த்துப் பிடித்திருப்பவை ஸ்டட்டுகள் எனும் ஆறு மரைத் தண்டுகள், அவற்றின் மேல் ஆறு நட்டுகள். அந்த ஆறில் ஒரு ஸ்டட்டு பாதியில் முறிந்திருந்தது. இன்னொன்றின் நட்டு மரை தேய்ந்து சும்மா சுற்றியது. இடைவெளி வழியாகப் புகை அடித்தது. புகை அடிக்கும் வண்டி கணவாய் ஏறக் கூடாது என்பது சங்கத்தின் விதி, அதில் நியாயமும் இருந்தது. ஓட்டுநருக்கு மயக்கம் வந்தால் கீழே ஆயிரம் அடி.

சங்கத் தலைவரும் வண்டிச் சோதகரும் ஒருவரே, லின்ட்சே பெக். ஆடுமாடு ஏலம் விடும் கம்பெனியில் முப்பது வருஷம் இருந்தவர். எதையும் தூரத்திலிருந்து பார்த்தே எடை சொல்லிவிடுவார். தகவல் போனவுடனே வந்தார். தேய்ந்த நட்டை இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"பதினாறுல அஞ்சு பங்கு அங்குலம். சுத்தமான பிரிட்டிஷ் மரை" என்றார்.

"அளந்து பாக்க வேணாமா லின்ட்சே?"

"அளக்கறதா?" அவர் சிரித்த சிரிப்பில் ஐல்சாவின் பூனை எழுந்து வெளியே போனது. "இங்க பாரும்மா. நட்டுங்கறது முகம் மாதிரி. பாத்தாலே குலம் கோத்திரம் தெரிஞ்சுடும். இங்கிலீஷ் வண்டி, இங்கிலீஷ் நட்டு. சந்தேகமா இருந்தா இந்தா, இங்கிலீஷ் ஸ்பேனர்." தம் பையிலிருந்த ஸ்பேனரை நட்டின் தலையில் வைத்தார். கச்சிதமாகப் பிடித்தது. "பாத்தியா? ஸ்பேனர் பொய் சொல்லாது."

சங்கத்தில் மரை அளக்கும் கருவி ஒன்று உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1961இல் வாங்கியது. சுற்றி வந்த எண்ணெய்த்தாள் இன்னும் பிரிக்கப்படவில்லை. அதைப் பிரித்தவனுக்குக் கண் போய்விட்டது என்று பொருள். அந்த அவமானத்தைச் சுமக்க எந்த உறுப்பினரும் முன்வந்ததில்லை.

லின்ட்சே தம் பையிலிருந்த பிரிட்டிஷ் போல்ட் ஒன்றின் நட்டைக் கழற்றி, நல்ல நிலையில் இருந்த மூன்றாவது ஸ்டட்டில் மாட்டிக் காட்டினார். ஒன்றரைச் சுற்று வழுக்கிக்கொண்டு போனது. அதற்குமேல் நின்றது.

"துரு" என்றார் லின்ட்சே.

"நேத்துதான் தொடச்சேன்."

"தொடச்சா போறது துரு இல்லம்மா, தூசி." ஸ்பேனரில் உடம்பையே சாய்த்தார். 'க்ரீக்' என்றொரு சத்தம். நட்டு திடீரென்று சுலபமாகச் சுற்ற ஆரம்பித்தது, ஏனென்றால் உள்ளே பிடித்துக்கொள்ள மரை எதுவும் மிச்சமில்லை. லின்ட்சே அதைக் கழற்றி, வழித்தெடுத்த இரும்புத் துகளைக் காட்டினார். "பாத்தியா, எவ்ளோ பலவீனமா இருந்திருக்கு? மலையில போயிருந்தா என்ன ஆயிருக்கும்? நல்லவேளை நான் வந்தேன்."

இரண்டாக இருந்த குறை மூன்றானது. ஐல்சா அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினாள். பிஸ்கட் கொடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை முறிந்த ஸ்டட்டின் துண்டை எடுத்துக்கொண்டு சங்கச் செயலாளர் வாலஸ் டல்லியிடம் போனாள். வாலஸ் சாதுவான மனிதர், ஓய்வுபெற்ற தபால்காரர். அவருடைய கொட்டகையில் புகையிலை டப்பாக்கள் கூரை வரை அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் நட்டும் போல்ட்டும், ஒவ்வொன்றின் மேலும் அழகான கையெழுத்தில் சீட்டு: 'பல', 'வேறு பல', 'எதற்காவது ஆகும்', 'எதற்கும் ஆகாது, எறிய வேண்டாம்'.

"லின்ட்சே தப்பா சொல்லிட்டான்" என்றார் வாலஸ், குரலைத் தாழ்த்தி. "அவங்கிட்ட சொல்லிடாத. இது அமெரிக்க மரை. உலகச் சண்டை முடிஞ்ச கையோட வந்த வண்டியில்ல? அப்ப எல்லாத்துலயும் அமெரிக்காக்காரன் கைவச்சிருந்தான்."

"அளந்து பாக்கலாமா வாலஸ்?"

"எதுக்கும்மா? கையில வச்சா தெரியுதே."

டப்பாவிலிருந்த அமெரிக்க போல்ட் ஒன்றின் நட்டு அந்தத் துண்டில் இரண்டரைச் சுற்று போய் நின்றது. வாலஸுக்கு மணிக்கட்டு வலி என்பதால் பலவந்தம் செய்யவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "கோழி இருந்த வண்டிதான?" என்று கேட்டார். "கோழி எச்சம் மரையைத் தின்னுடும். எங்கப்பா சொல்லுவார்." பிறகு, ஆறுதலாக: "அஞ்சு வருஷம் கழிச்சுப் பாத்துக்கலாமே. நீ சுடற ஸ்கோன் இல்லாம சங்கம் என்னாகும்?"

சாயங்காலம் டனீடனுக்கும் கிறைஸ்ட்சர்ச்சுக்கும் போன் போட்டாள். இரண்டு கடையிலும் ஒரே பதில். 'மோரிஸா? இங்கிலீஷ் சைஸ்தான் மேடம், அனுப்பவா?' இங்கிலாந்துக்கே கடிதம் போட்டால் பதில் வர ஆறு வாரம். லெக்ஸ் பீன்ஸ் விதைகளைச் செய்தித்தாளில் பரப்பியபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"விட்டுடேன் ஐல். அஞ்சு வருஷம் என்ன, கண்ணை மூடித் தொறந்தா போயிடும்."

"அஞ்சு வருஷத்துல எனக்கு அறுபத்தொண்ணு."

"அதனால?"

"அதனால ஒண்ணுமில்ல. சனிக்கிழம கணவாய் ஏறப் போறேன். விதைய நகத்துங்க, மேசை வேணும்."

லெக்ஸ் விதையை நகர்த்தினார். முப்பத்திரண்டு வருஷத் தாம்பத்தியத்தில் அந்தக் குரலை அவர் நான்கு தடவைதான் கேட்டிருக்கிறார். நான்கு தடவையும் நகர்த்தியிருக்கிறார். ஐல்சா நல்லதும் கெட்டதுமான ஸ்டட்டுகள் அனைத்தையும் கழற்றிவர இறங்கினாள். அவற்றைச் சூடுகாட்டி, எண்ணெய் விட்டு, திட்டி, வெளியே எடுத்து மேசையில் வரிசையாகப் படுக்க வைத்தாள்.

புதன்கிழமை மதியம் ஆலையின் சாப்பாட்டு அறையில், ஒரு கையில் சீஸ் ரோலும் மறு கையில் நல்ல ஸ்டட்டுமாக உட்கார்ந்திருந்தாள். ஆங்கிலத்தில் துணியின் இழைக்கும் திருகின் மரைக்கும் ஒரே பெயர்தான், 'த்ரெட்'. நாற்பத்தோரு வருஷமாக அவள் அந்தப் பெயரைத்தான் எண்ணிச் சம்பளம் வாங்கிவந்தாள். ஆனால் இதுவரை இரண்டையும் சேர்த்து யோசித்ததில்லை. கார் என்பது கெட்டிக்காரர்கள் விஷயம், எண்ணுவது பொம்பளைகள் வேலை என்று ஊர் பிரித்து வைத்திருந்ததை அவளும் பாதி நம்பியிருந்தாள். அதை நினைத்ததும் அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. சீஸ் ரோலைக் கீழே வைத்தாள். மேலங்கிப் பையிலிருந்து மடக்குக் கண்ணாடியை எடுத்து ஸ்டட்டின் மேல் நிறுத்தினாள்.

பத்து வருஷத்துக்கு முன் நாடு அங்குலத்தை விட்டு மீட்டருக்கு மாறியபோது ஆலை கொடுத்த கண்ணாடி அது. சாளரத்தின் அகலம் சரியாக ஒரு சென்டிமீட்டர். அதற்குள் மரைகள் கம்பளி இழைபோல வரிசையாக நின்றன. எண்ணினாள். பத்து. ஸ்டட்டைத் திருப்பிப் போட்டு எண்ணினாள். பத்து. லின்ட்சே விட்டுப்போன பிரிட்டிஷ் போல்ட்டை வைத்தாள். எட்டு, அதற்குமேல் அரையைவிடக் கொஞ்சம் கூட. வாலஸ் கொடுத்த அமெரிக்க போல்ட்டை வைத்தாள். ஒன்பது, அதோடு ஏறக்குறைய ஒரு பாதி.

எதிரே உட்கார்ந்திருந்த நூற்புப் பகுதிப் பெண், "என்ன ஐல்சா, இரும்புலயும் குத்தம் கண்டுபிடிக்க ஆரம்பிச்சுட்டியா?" என்றாள்.

"இதுல குத்தம் இல்ல. இத பாத்தவங்க மேலதான் குத்தம்."

மற்றவருக்கு மூளை சூடாகக்கூடிய கணக்கு அவளுக்கு மூச்சு விடுவதுபோல வந்தது. அங்குலத்தில் பிறந்த மரையைச் சென்டிமீட்டரில் எண்ணினால் பாதியும் காலும் ஒட்டிக்கொண்டு வரும். பிசிறே இல்லாமல் முழுப் பத்து வந்தால், அது மீட்டர் பேசும் ஊரில் பிறந்தது. மோரிஸ் கார் இங்கிலாந்தில் பிறந்தது. இங்கிலாந்து அன்றைக்கு மீட்டர் பேசவில்லை. இரண்டும் ஒன்றாக உண்மையாக இருக்க முடியாது. ஆனால் கண்ணாடியும் அவளும் இதுவரை தப்பு செய்ததில்லை.

வியாழக்கிழமை வேலை முடிந்ததும், பழைய வண்டிகளை உடைத்து விற்கும் ஸ்னோவின் கிடங்குக்குச் சைக்கிளை விட்டாள். ஸ்னோவின் நிஜப் பெயர் அவருக்கே மறந்துவிட்டது. தலை இருபது வயதிலேயே நரைத்துவிட்டதால் பனி என்று பெயர். இங்கிலாந்தின் கோவென்ட்ரியிலிருந்து கப்பலேறி வந்தவர். சங்கம் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் அவரிடம் இருந்த கார்கள் எதுவும் ஓடாது. ஐல்சா விஷயத்தைச் சொன்னதும் அவர் துருப்பிடித்த ஒரு மட்கார்டின் மேல் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"பத்தா? எண்ணிட்டியா? சபாஷ்! அந்த என்ஜின் வந்தது எங்கப்பா வேலை பாத்த ஃபாக்டரிலேர்ந்துதான். மொத உலகச் சண்டையப்போ பிரெஞ்சுக்காரன் கோவென்ட்ரிக்கு வந்து துப்பாக்கி செஞ்சான். மெஷினெல்லாம் அவன் ஊர்லேர்ந்து கொண்டாந்தது. சண்டை முடிஞ்சுது, கார் என்ஜின் போட்டுக் குடுத்தான். அப்புறம் மோரிஸ் கம்பெனி அந்த இடத்த மெஷினோட சேத்து வாங்கிச்சு. இத்தன மெஷினத் தூக்கிப் போட எவனுக்கு மனசு வரும்? மரை பிரெஞ்சு மரையாவே ஓடட்டும்னு விட்டுட்டாங்க. ஆனா இங்கிலீஷ் மெக்கானிக் கையில இருக்கறது இங்கிலீஷ் ஸ்பேனர்தானே? அதனால நட்டோட தலைய மட்டும் இங்கிலீஷ் சைஸ்ல செதுக்கிட்டாங்க. தலை இங்கிலாந்து, வயிறு ஃபிரான்ஸ்."

"லின்ட்சே, ஸ்பேனர் பொய் சொல்லாதுன்னாரு."

"ஸ்பேனர் பொய் சொல்லல. அதுகிட்ட யாரும் உள்ள இருக்கறதப் பத்திக் கேக்கல."

இங்கே ஓர் அரசியல் சிக்கல் இருப்பதைச் சொல்லியாக வேண்டும். அந்த வருஷம் ஜூலையில்தான் பிரெஞ்சு அணுகுண்டுச் சோதனையை எதிர்க்கப் புறப்படவிருந்த கப்பல் ஒன்றை ஆக்லாந்து துறைமுகத்திலேயே பிரெஞ்சு உளவாளிகள் வெடிவைத்து மூழ்கடித்தார்கள். ஓர் உயிரும் போயிற்று. நாடே கொதித்தது. ஓமருவும் தன்னால் இயன்ற அளவு கொதித்தது. ரொட்டிக்கடையில் பிரெஞ்சு ரொட்டியின் பெயர் 'நீள ரொட்டி' என்று மாறியது. லெக்ஸ் தம் பாத்தியில் இருந்த பிரெஞ்சு பீன்ஸை 'நம்ம பீன்ஸ்' என்று அழைக்கலானார். பழைய கார் சங்கமோ ஆகஸ்டில் அவசரக் கூட்டம் கூட்டி, 'இவ்வாண்டு ஓட்டத்தில் பிரெஞ்சு வண்டியோ பிரெஞ்சுப் பொருள் எதுவும் பொருத்திய வண்டியோ கலந்துகொள்ளலாகாது' என்று தீர்மானம் போட்டது. சங்கத்தில் ஒரு பிரெஞ்சு வண்டியும் இல்லாததால் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

"தீர்மானம் தெரியுமில்ல?" என்றார் ஸ்னோ.

"தெரியும். அந்தக் கூட்டத்துக்கு நான்தான் தேநீர் போட்டேன்."

"இருந்தும் தேடப் போறியா?"

"உங்ககிட்ட பிரெஞ்சு வண்டி எத்தன இருக்கு ஸ்னோ?"

பதினொன்று இருந்தன, புல் மூடிய வேலியோரத்தில் மூன்று வரிசையாக. ஐல்சா முழங்காலில் ஒரு சாக்கைக் கட்டிக்கொண்டு வண்டி வண்டியாகத் தவழ்ந்தாள். ஸ்னோ நட்டைக் கழற்றிக் கொடுப்பார், இவள் கண்ணாடியை வைப்பாள். எட்டு. எட்டு. எட்டு. புதுக்காலத்துப் பிரெஞ்சுக்காரன் மனம் மாறிவிட்டிருந்தான். அவனுக்கு சென்டிமீட்டருக்கு எட்டே போதும் போலிருக்கிறது. ஒன்பதாவது வண்டி வரும்போது வெயில் தாழ்ந்து, சாக்கு நனைந்து, முழங்கால் மரத்துப்போய்விட்டது.

"நாளைக்குப் பாக்கலாமா?" என்றார் ஸ்னோ.

"நாளைக்கு மாட்டணும். அடுத்தத கழட்டுங்க."

பத்தாவது, ஒரு காலத்தில் ரொட்டி கொண்டுபோன பழைய வேன். உள்ளே ஸ்னோவின் நாய் படுத்திருந்தது, அதை எழுப்பிவிட்டுத்தான் என்ஜினுக்கு வழி. ஐல்சா கண்ணாடியை வைத்தாள். எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். பிறகு கண்ணாடியை ஸ்னோவிடம் நீட்டினாள். அவர் உதடு அசைய எண்ணிக்கொண்டே போய், பத்தில் நின்று, தொப்பியைக் கழற்றினார். ஆறு ஸ்டட்டு, எட்டு நட்டு. அதற்கு ஈடாக ஓர் இஞ்சி கேக் என்று பேச்சு முடிந்தது.

வெள்ளிக்கிழமை மாலை அவை என்ஜினில் ஏறின. இரண்டு விரலால் தள்ளினாலே நட்டு அடிவரை போயிற்று, வெண்ணெயில் விரல் போவதுபோல. என்ஜினைக் கிளப்பினாள். லெக்ஸ் வாசலுக்கு வந்து காது கொடுத்தார்.

"ஓடலையா?"

"ஓடுது."

"சத்தமே காணோம்?"

"அதான் ஓடுதுன்னு அர்த்தம்."

சனிக்கிழமை காலை ஏழரைக்குத் துறைமுகத்தருகே சங்கக் கொட்டகை முன்பு பதினான்கு வண்டிகள் வரிசையாக நின்றன. லின்ட்சே வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு ஒவ்வொரு என்ஜினாகப் பார்த்து வந்தார். ஐல்சாவின் மோரிஸ் அருகே வந்து காதைத் தீட்டினார். புகைக் கசிவு இல்லை. கையைச் சுற்றிலும் வைத்துப் பார்த்தார். இல்லை. ஸ்பேனரை எடுத்து நட்டில் வைத்தார்.

"ஒரு மயிரிழை ஆடுதே" என்றார்.

"ஆடட்டும். இறுக்கிப் பாருங்க."

இறுக்கினார். மலைபோல் நின்றது. "நான் சொன்ன பிரிட்டிஷ் நட்டுதானே? சொன்னேனே!" என்று பெருமையோடு கோட்டுப் பையிலிருந்து ஒரு தாளை நீட்டினார். ஆகஸ்டுத் தீர்மானத்தை ஒட்டி அச்சடித்த உறுதிமொழி. 'என் வண்டியில் பிரெஞ்சுப் பொருள் எதுவும் இல்லை என்று மனசாட்சியின்படி உறுதியளிக்கிறேன்.' கீழே கையெழுத்து.

பேசாமல் ஒரு கோடு கிழித்தால் போதும், கணவாய் அவளுடையது. வேறு யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் ஐல்சா வாங்கிய பேனாவைத் திருப்பி நீட்டினாள். எண்ணியதற்கு மாறாக அவள் எந்தச் சீட்டிலும் கையெழுத்துப் போட்டதில்லை. ஒரு வாத்துக்காகக்கூடப் போட்டதில்லை.

"இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன் லின்ட்சே."

"ஏம்மா?"

"இந்த ஆறும் பிரெஞ்சு. ஸ்னோகிட்ட ரொட்டி வேன்லேர்ந்து எடுத்தது."

லின்ட்சேயின் கழுத்து சிவந்து, காது சிவந்து, தலை சிவந்தது. "பிரெஞ்சா? இங்கிலீஷ் என்ஜின்ல பிரெஞ்சு நட்டா? ஐல்சா, உனக்கென்ன மரை கழண்டுபோச்சா?"

"கழண்டது மூணு. அதுல ஒண்ணு நீங்க கழட்டினது."

யாரோ இருமினார்கள். லின்ட்சே தாளை மடித்தார். "ரொம்ப வருத்தம். தீர்மானம் தீர்மானம்தான். அஞ்சு வருஷம் கழிச்சு வா."

"சரி. நீங்க கையெழுத்துப் போட்டாச்சா?"

"மொத ஆளாப் போட்டேன்!"

"அப்ப உங்க பானெட்டத் தொறங்க."

லின்ட்சேயின் வண்டியும் மோரிஸ் டென், இவளுடையதைவிட ஏழு வயது மூத்தது, கோழி வாடையே அறியாதது. பதின்மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது பானெட்டைத் திறக்காமல் இருப்பது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. திறந்தார். ஐல்சா அவருடைய ஸ்பேனராலேயே மேனிஃபோல்டு நட்டு ஒன்றைக் கழற்றினாள். தன் சட்டைப் பையிலிருந்து மிச்சமிருந்த பிரெஞ்சு நட்டை எடுத்து அவருடைய ஸ்டட்டின் நுனியில் வைத்து, சுட்டுவிரலால் ஒரு சுண்டு சுண்டினாள். அது கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டு அடிவரை போய் உட்கார்ந்தது. அதைக் கழற்றி, மடக்குக் கண்ணாடியை லின்ட்சேயின் கையில் வைத்தாள்.

"எண்ணுங்க. உரக்க."

"என்னத்த?"

"சாளரத்துக்குள்ள எத்தன மரைன்னு. பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்திருப்பாங்க."

லின்ட்சே குனிந்தார். "ஒண்ணு... ரெண்டு..." கடல்நாரைகள்கூடச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டதாகப் பின்னாளில் சொல்லப்பட்டது. "...எட்டு... ஒம்போது... பத்து."

"முழுசா பத்தா, பிசிறு இருக்கா?"

"...முழுசா."

"உங்களுதும் பிரெஞ்சு. அதுவும் பொறந்ததுலேர்ந்து. என்னுது ஒரு வேன்லேர்ந்து வந்தது, உங்களுது ரத்தத்துலயே இருக்கு." அவள் திரும்பி வரிசையைப் பார்த்தாள். "எங்க ரெண்டு பேர் வண்டியையும் சேத்து, மோரிஸும் மோரிஸ் என்ஜின் போட்ட வண்டியுமா இங்க ஒம்போது நிக்குது. கண்ணாடி என்கிட்ட இருக்கு. யாருக்கு எண்ணணும்?"

ஏழு பேர் தங்கள் பானெட்டின் மேல் மெல்லக் கை வைத்து நின்றார்கள். விதியின்படி ஒன்பது வண்டிகள் வெளியேறினால் மிச்சம் ஐந்து. அந்த ஐந்தில் ஒன்று ஏற்கெனவே கிளம்பவில்லை. சங்கத்தின் செயற்குழு அங்கேயே, தேநீர்ப் பானைக்குப் பின்னால், அவசரமாகக் கூடியது. இருபது நிமிஷம் கழித்து வாலஸ் தம் அழகான கையெழுத்தில் எழுதிய திருத்தத்தைப் படித்தார்:

"ஆகஸ்டுத் தீர்மானத்தின் பொருட்டு, ஒரு நட்டு எந்த நாட்டைச் சேர்ந்தது என்பது அதைத் திருகும் ஸ்பேனர் எந்த நாட்டைச் சேர்ந்தது என்பதைக் கொண்டே முடிவு செய்யப்படும். நட்டின் உட்புறம் அதன் சொந்த விவகாரம்."

ஒருமனதாக நிறைவேறியது. அச்சடித்த உறுதிமொழிகள் திரும்பப் பெறப்பட்டுத் தேநீர் அடுப்புக்குப் போயின. புதிய தாளில், 'என் ஸ்பேனருக்கு அன்னியமான நட்டு என் வண்டியில் இல்லை' என்று இருந்தது. ஐல்சா அதை இரண்டு தடவை படித்தாள். தன் ஸ்பேனரை எடுத்து ஆறு நட்டிலும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

கணவாய் அன்றைக்கு எவருக்கும் சலுகை காட்டவில்லை. மேலே இன்னும் பனித்திட்டுகள் கிடந்தன. சரளைச் சாலை ஈரமாக இருந்தது. இரண்டு இடத்தில் ஓடை சாலையைக் கடந்தது, ஓரிடத்தில் ஆட்டுமந்தை. ஐல்சா இரண்டாவது கியரைவிட்டு மேலே போகவில்லை. போன வருஷத்துக்கு முந்தைய வருஷம் தண்ணீர் கொதித்த வளைவில் உஷ்ண முள்ளைப் பார்த்தாள், அது நடுவில் நின்றது. தப் தப் சத்தத்துக்குக் காது கொடுத்தாள், காற்றுதான் கேட்டது. உச்சியில் நிறுத்தி வேடிக்கை பார்ப்பது வழக்கம். மற்றவர்கள் நிறுத்தினார்கள். அவள் நிறுத்தவில்லை. விதியில் நேஸ்பி என்று எழுதியிருந்ததே தவிர உச்சி என்று எழுதியிருக்கவில்லை.

நேஸ்பி விடுதியின் வாசலில் முதலாவதாக வந்து என்ஜினை அணைத்தாள். ஸ்டீயரிங்கை மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் வந்து சேர்ந்து, ஆட்டுக்கறி வறுவல் சாப்பிட்டு முடிந்ததும் வாலஸ் உறுப்பினர் பதிவேட்டை விரித்தார். லின்ட்சே எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, "மூணாவது வாய்ப்புல, சொந்த வண்டியில..." என்று ஆரம்பித்துப் பாதியில் விட்டு, "எழுதுய்யா" என்றார். வாலஸ் எழுதினார். மை காய ஊதினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

ஐல்சா எட்டிப் பார்த்தாள். அழகான கையெழுத்தில், 'திருமதி லெக்ஸ் ராட்ரே' என்றிருந்தது.

"வாலஸ், கணவாய் ஏறினது லெக்ஸ் இல்ல. அவரு வீட்டுல பீன்ஸுக்குத் தண்ணி ஊத்திக்கிட்டிருக்காரு."

வாலஸ் பதறிப்போனார். "வழக்கமா இப்படித்தானம்மா எழுதுவோம். பழக்க தோஷம். இப்ப அடிக்க முடியாதே. பதிவேட்டுல ஒரு எழுத்தத் திருத்தணும்னாகூட உறுப்பினர் ஒருத்தர் தீர்மானம் கொண்டுவரணும்."

"நான் இப்ப உறுப்பினரா?"

வாலஸ் லின்ட்சேயைப் பார்த்தார். லின்ட்சே தம் தட்டைப் பார்த்தார். "மை காஞ்சுடுச்சுன்னா உறுப்பினர்தான்" என்றார்.

"அப்ப தீர்மானம் கொண்டுவரேன். ஆதரிக்கறவங்க கை தூக்குங்க." தானே முதலில் கை தூக்கினாள். கொஞ்ச நேரம் அந்தக் கை ஒன்றுதான் நின்றது. பிறகு, எதையோ தூரத்திலிருந்து எடைபோடுபவர்போலக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு லின்ட்சே பெக் தம் கையைத் தோள் உயரம் வரை தூக்கினார். எதிர்ப்பவர்கள் யார் என்று கேட்கும் கட்டத்துக்கு ஐல்சா காத்திருக்கவில்லை. வாலஸின் விரல்களுக்கிடையிலிருந்து பேனாவை உருவி, அந்த வரியை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, கீழே எழுத ஆரம்பித்தாள்.